அக்காவுக்கு நான் எழுதிய பயோடேட்டா

ராமேஸ்வரத்தில் புதிதாகத் திறக்கப்போகும் ஜவுளிக்கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அக்கா ஒரு பயோடேட்டாவோடு வந்தாள். கோடு போட்ட தாளில் அவளே கையால் எழுதியது.

"நீ பி.காம். படிச்சவ. நல்லாத் திருத்திக் குடுடி" என்றாள்.

முன் அனுபவம் என்ற இடத்தில், 'அக்னி தீர்த்தக் கரையில் பாசிமணி, சங்குமாலை விற்றேன், பதினோரு வருடம்' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'இந்தி, தெலுங்கு நன்றாகப் பேசுவேன். பெங்காலி ஓரளவு.' படித்ததும் எனக்கு முகம் சுண்டிப்போனது.

"கையில மாலையைத் தொங்கவிட்டுக்கிட்டு யாத்திரைக்காரங்க பின்னாடி ஓடுனதெல்லாம் அனுபவமாக்கா? ஏசிக் கடைக்காரன் சிரிப்பான்" என்றேன்.

அந்த வரியைத் தூக்கிவிட்டு, 'குடும்பப் பொறுப்பைக் கவனித்தேன்' என்று டைப் அடித்தேன். தெரிந்த மொழி, தமிழ் மட்டும். இந்தியைப் போட்டால் எங்கே கற்றாய் என்று கேட்பார்கள், கரைக் கதை வெளியே வந்துவிடும். அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

அய்யா படகில் விழுந்து இடுப்பொடிந்து படுத்த வருடம் அக்கா பத்தாவதோடு நின்றாள். நான் பரமக்குடியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்தது அவள் விற்ற மாலைகளில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் அந்த வரியைத் தூக்கினேன்.

இன்டர்வியூவுக்கு நானும் கூடப் போனேன்.

"கரையில வித்ததை மட்டும் வாயத் தொறந்து சொல்லிராதக்கா" என்று வாசலில் வைத்து மறுபடியும் சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனவள் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டாள்.

"என்னக்கா கேட்டாங்க?"

"இங்கன துணி எடுக்க வாரதுல பாதிப் பேரு வடக்கத்திக்காரங்களா இருப்பாங்களாம். இந்தி தெரிஞ்ச ஆளுதான் வேணுமாம். உனக்கு வருமான்னு மேனேஜர் கேட்டாரு."

"வரும்னு சொல்ல வேண்டியதுதான?"

"தெரியாதுன்னுட்டேன். வரும்னா எங்கன படிச்சேன்னு கேப்பாருல்ல. நீதான சொல்லக் கூடாதுன்ன."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரையில் இவள் இந்தியில் பேரம் பேசும்போது வேடிக்கை பார்க்கவே கூட்டம் நிற்கும். வா, மேனேஜரிடம் நானே சொல்கிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. காலேஜ்ல உன் கூட்டாளிக, உங்கக்கா என்ன பண்றாங்கன்னு கேட்டா என்னடி சொல்லுவ?"

அக்கா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலேஜில் எல்லோரிடமும், வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை என்றுதான் சொல்லியிருந்தேன்.