கத்தரிக்காய்க்கு வந்த அம்மை

என் கத்தரிச் செடிகளுக்குச் செய்த பணிவிடையை என் வீட்டுக்காரருக்குச் செய்திருந்தால் அவர் இந்நேரம் எனக்குக் கோயில் கட்டியிருப்பார். ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து திகாம் பத்து ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும், முகம்கூடக் கழுவாமல் கொல்லைக்குப் போய் இலை இலையாகத் திருப்பிப் பார்ப்பேன். அடியில் பச்சைப் புழு இருந்தால் விரலாலேயே நசுக்குவேன். அதில் எனக்கொரு கொடூரமான சந்தோஷம், மறைப்பானேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்தான். புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை கோயில் அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் முழுக்க என் வீட்டிலிருந்துதான் வரும், ஒரு சொட்டு மருந்து அடிக்காத காய், ஒரு புழுகூட இருக்காது என்று கோயில் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். ஆளாளுக்குக் கட்டைவிரல் காட்டினார்கள். அடுத்த வாரமே செடியெல்லாம் மாவுப்பூச்சி.

மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி சுமந்து போவது எறும்பு. எறும்போ கேட்டுக்கு அடியில் வரிசை கட்டி வந்தது. அதனால் அங்கே மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினேன். செடியில் தெளிக்க வேப்பிலையும் பூண்டும் சிலிப்பாடி மிளகாயும் அரைத்த தண்ணீர். பெண்டாங்கிலிருந்து தோழி ஒருத்தி கெரேத்தாவின் பின்சீட்டு நிறைய வேப்பங்கொத்து கொண்டுவந்து தந்தாள். மழையில் நனைந்திருந்தது. கொல்லையை விட்டால் எங்கள் வீட்டில் நல்ல வெயில் விழுவது கேட்டின் மேல் மட்டும்தான். காயட்டும் என்று கொத்துக் கொத்தாக அதிலேயே கட்டித் தொங்கவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நாலு நாளில் மாவுப்பூச்சி போன இடம் தெரியவில்லை. காய்கள் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தன. நான் அவற்றோடு பேசவே ஆரம்பித்துவிட்டேன். தெருவில்தான் யாரும் என்னோடு பேசவில்லை. மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் ஹாரன் அடிக்காமலே போனார். கேட்டருகே யாரோ இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போனார்கள், மறுநாள் மூன்று. லீவில் இருந்த என் வீட்டுக்காரர், யார் கொடுத்தது என்றுகூடக் கேட்காமல் குடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கோயில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஃபோன் செய்தார். குரலைத் தாழ்த்தி, யாருக்குப் போட்டிருக்கிறது, அவருக்கா உனக்கா என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"காய் வேணாம்மா. அம்மை போட்ட வீட்டுலேருந்து எதுவும் வெளிய வரக்கூடாது. பாசார்ல வாங்கிக்கிறோம்லா."

அப்போதுதான் கேட்டைப் பார்த்தேன். வாசலில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் இருந்தால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அத்தனை காயையும் நான் என்ன செய்வேன்? அது பூச்சிக்குக் கட்டியது என்றேன். எல்லாரும் இப்படித்தான் மறைப்பார்கள் என்றார் அக்கா.

மறுபடியும் என் வாய். நேரில் வந்து பாருங்கள் என்றேன். வந்தவர் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். நான் கையைக் காட்டினேன், கழுத்தைக் காட்டினேன். அசையவில்லை. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி, தொப்பையோடு மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினார். அக்கா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மூன்று பேருமாகக் கூடை கூடையாகப் பறித்தோம்.

மறுநாள் காலை கோயில் அடுப்படியில் அக்கா அரிவாள்மணையில் உட்கார, நான் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றேன். மூன்றாவது காயைப் பிளந்ததும் உள்ளே கொழுத்த புழு ஒன்று நெளிந்தது. என் வேப்பந்தண்ணீர் இலையோடு நின்றுவிட்டது போலும். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

அக்கா புழுவை விரலால் தட்டிவிட்டு, அந்த இடத்தை மட்டும் அரிந்து எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சட்டியில் போட்டார்.

"இவ சொன்னது நெசந்தான்லா," என்றார் மற்றவர்களிடம். "மருந்து அடிச்சிருந்தா இது செத்துல்ல கெடந்திருக்கும்."