ஜீவராணி கேட்டு வாங்கிய புத்தகக் கருவி

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளை அங்கே பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் ஜீவராணி. கதைப் புத்தகம் கையில் இருந்தால் சோறு மறந்துபோகும் அவளுக்கு. வீட்டிலிருந்த ஒரே போனில்தான் நாவல்களை இறக்கி வைத்திருந்தாள். மாலையானால் அது மகள் நிலக்ஷியின் கையில், பிறகு புருஷன் செல்லசாமியின் காதில். மத்தியானம் குழந்தைகள் தூங்கும் நேரம் மட்டும்தான் அவளுடையது.

அதற்கும் கேடு வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஆயா போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குழந்தை விழுந்து கையை முறித்துக்கொண்டதாம். தோட்டத்துக் குடும்பங்களின் நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயா வாசலில் வந்து நின்றார்.

"இனிமே இதுக்குள்ள போன் கூடாது. சொல்லிட்டேன்."

"புத்தகம் வாசிக்கலாங்களா ஐயா?"

"புத்தகம்னா சரி."

அந்த வாரம்தான் கொழும்பில் போன் கடையில் வேலை செய்யும் தம்பி வினோஜன் பேசினான். பழைய சாமானில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாராம் முதலாளி.

"ரெண்டு இருக்குக்கா. ஒண்ணு நல்ல போன். இன்னொண்ணு புத்தகம் மட்டும் வாசிக்கிற கருவி, கால் கீல் ஒண்ணும் வராது. ஒனக்கு எது வேணும்?"

செல்லசாமி போன் என்றார். நிலக்ஷியும் போன் என்றாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டறியாத ஜீவராணி, அன்றைக்குப் பிடிவாதம் பிடித்தாள்.

"புத்தகக் கருவியவே அனுப்புப்பா."

வந்தது. வெல்பெயார் ஐயாவும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நிலக்ஷி பஜாரில் ஒரு கடையில் கொடுத்து நாவல்களை அதில் ஏற்றி வந்தாள். மத்தியானம் ஆசையாகத் திறந்தால், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் கிடந்தது. எல்லாம் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவை. போனில் விரலால் விரித்து வாசித்துவிடுவாள். இதில் பெரிதாக்கினால் பாதி வரி வெளியே ஓடியது. இழுத்துப் பிடிப்பதற்குள் திரை கறுத்து வெளுத்தது, முன்வரி மறந்துபோனது.

"படம் புடிச்ச புத்தகம் அதுல சரிவராதுக்கா," என்றான் வினோஜன் போனில். "இங்க கடையில அதே மாதிரி இன்னொண்ணுல, படமா இல்லாம எழுத்தாவே இருக்கிற புத்தகமும் போட்டுப் பாத்தேன். பழைய கருவிதானே, தமிழ் ஒடைஞ்சு ஒடைஞ்சு வருது."

"அப்ப மாத்திக்க முடியாதாப்பா?"

"அந்தப் போனை அன்னைக்கே வேற ஒருத்தன் எடுத்துட்டானேக்கா."

இரண்டு மாதத்தில் நிலக்ஷிக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை கிடைத்தது. புறப்படும்போது போனைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஒனக்குத்தான் கருவி இருக்கேம்மா."

அதில் ஒரு பக்கம்கூட ஓடவில்லை என்று ஜீவராணி சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கே போன் கேட்டிருக்கலாமே என்பார்கள்.

"எடுத்துட்டுப் போடி. தனியா இருக்கப் போறவ."

அதன்பின் கொஞ்ச நாள் கருவியைக் கண்ணருகே பிடித்து வாசிக்கப் பார்த்தாள். ஒரு பத்தி முடிவதற்குள் ஏதாவது ஒரு குழந்தை விழித்து அழும். இப்போது திறப்பதே இல்லை. குழந்தைகள் எழும்வரை சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.