இரண்டு ஊருக்கு ஒரு வீடு

எங்கள் வீட்டுக்கு முன்னால் பெரிய ஊர், பின்னால் சின்ன ஊர். எல்லைக்கோடு கூடத்துக்கும் முன்னறைக்கும் நடுவே ஓடுகிறது. தலைவாசல் எந்த ஊரில் திறக்கிறதோ, அந்த ஊருக்குத்தான் வீட்டுவரி. வாசல் பின்சந்தில் இருந்தவரை பிரச்சினை இல்லை. முன்னறையில் நான் நடத்தும் தையல் கடைக்கு நாலு பேர் வரட்டுமே என்று நான்தான் மெயின் ரோட்டைப் பார்த்துப் புதுக் கதவு வைத்து, சந்துக் கதவைச் செங்கல்லால் அடைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். பெரிய ஊரில் வரி மூன்று மடங்கு. வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார்.

வரிக்காக வீட்டை அளக்கப் பெரிய ஊர் அலுவலகத்திலிருந்து அளவுக்காரர் வந்தார். வந்த மனுஷனை உட்காரக்கூடச் சொல்லாமல் பிடிபிடி என்று பிடித்தேன்.

"இவ வாய்க்கு ஒரு வரி போடுங்க சார், உங்க ஊர் செழிச்சிடும்" என்றார் வீட்டுக்காரர்.

அளவுக்காரர் சிரிக்கவில்லை. "கத்தி முடிச்சாச்சாம்மா? டேப்போட அந்த முனையப் பிடிங்க."

ஒவ்வொரு அறையாக அளந்தார். பிறகு சொன்னார்: "முன்னறை கடை. அது மட்டும் எங்க ஊர் கணக்கு. சந்துக் கதவத் திறந்துடுங்க, மத்ததெல்லாம் பழையபடி அந்த ஊருக்குப் போயிடும். சட்டத்துல இருக்கு. யாரும் கேக்கறதில்ல."

அன்றே செங்கல்லை இடித்தோம். ஆனால் ஒரு அலுவலகத்தின் கடிதத்தை இன்னொன்று சீண்டாது. சாப்பாட்டு வேளையில் அளவுக்காரரே மூன்று முறை சின்ன ஊர் அலுவலகத்துக்கு நடந்துபோய் முத்திரை வாங்கிவந்தார். "நீ எந்த ஊர் சம்பளம் வாங்கறே?" என்று மேலதிகாரி கேட்டாராம். எனக்காக அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு நான் ஏழேழு ஜென்மத்துக்கும் கடன்பட்டவள்.

காகிதத்தைக் கொடுக்க வந்தபோது கேட்டேன்: "அவ்வளவு திட்டினேனே, எதுக்கு சார் இவ்வளவு அலைஞ்சீங்க?"

"என் தங்கச்சியும் இதே மாதிரி வாசல மாத்தினா. நான்தான் அளந்தேன். முழு வரியும் எழுதினேன். கட்ட முடியாம வித்துட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம்தான் சட்டத்த முழுசாப் படிச்சேன்."

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"காபி போடறேன். குடிச்சிட்டுப் போங்கண்ணா."

பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு உட்கார்ந்தார்.