தலையில்லாத மாப்பிள்ளை

எங்கள் கல்யாண போட்டோவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தப் பெருமை என் ஒன்றுவிட்ட அண்ணனையே சேரும். தாலி கட்டி முடித்த கையோடு, "படம் நல்லா வந்துகீதா பாப்போம்" என்று நல்ல வெயிலில் கேமராவின் முதுகைத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை என்று எங்களுக்குத் தெரிவித்தவரும் அவர்தான்.

எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. என் மனைவிக்கு இருந்தது. ஆவடியில் அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார்; கல்யாணத்துக்கு வர முடியவில்லை. மாலையும் கழுத்துமாக நிற்கும் படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். மறுபடி மாலை வாங்கிப் பூந்தமல்லி ஸ்டூடியோவில் எடுத்துவிடலாம் என்றாள். எடுத்திருக்கலாம். ஆனால் வீட்டிலேயே ஒரு மேதை இருக்கும்போது ஸ்டூடியோ எதற்கு?

அந்த மேதை நான்தான்; அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். லென்ஸே இல்லாமல் ஊசித் துளை வழியாகப் படமெடுக்கலாம் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். பால் பவுடர் டப்பா, உள்ளே கறுப்புப் பெயிண்ட், பித்தளைத் தகட்டில் ஒரு துளை, அதை மூட ஒரு துண்டு டேப். வெளிச்சம் படாமலிருக்கக் கம்பளிக்குள் புகுந்து வியர்த்துக் கொட்டியபடி டப்பாவுக்குள் பிலிமை ஒட்டினேன்.

"துளையத் தொறந்துட்டு ஒரு நிமிசத்துக்கு மேல ஆடாம அசையாம நிக்கணும்" என்றேன்.

"மூக்கு அரிச்சா?"

"சொறியக் கூடாது."

"பேசினா?"

"மூஞ்சி கலைஞ்சிடும். அப்புறம் உங்க நைனா பேயத்தான் பாப்பாரு."

அப்போது குமணன்சாவடியில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில், வேப்பமர நிழலில், கவிழ்த்துப் போட்ட உரல்மேல் டப்பாவை வைத்தேன். இருவரும் புது மாலை போட்டுக்கொண்டோம். அவள் கல்யாணப் புடவையில் நின்றாள். டேப்பைப் பிரித்துவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

சைக்கிளில் போன ஒருவன், "இன்னா மாமே, டப்பாவுக்கு மாலை மரியாதையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இருவரும் அசையவில்லை. அடுத்து வாளியோடு வந்தார் வீட்டுக்கார அம்மா.

"இன்னாம்மா, சாப்டியா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது, வாடகை தராமல் இருப்பதைவிடப் பெரிய குற்றம். என் மனைவி குற்றம் செய்தாள். கன்னத்தில் ஈ உட்கார்ந்தது, அப்போதும் செய்தாள். ஒரு நாளில் அவள் பேசும் பேச்சுக்கு, அது தவம்தான்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, உம் பொண்டாட்டி வாயத் தொறக்க மாட்டாளா? நீயாச்சும் சாப்டியா? கொழாயில தண்ணி வந்துச்சா?"

நான் வாயைத் திறக்கவில்லை. விதி விதிதான். மரியாதைக்காகத் தலையை மட்டும் ஆட்டினேன், ஒவ்வொரு கேள்விக்கும், நன்றாகவே.

புது மருமகளுக்குத் திமிர் என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் தீர்ப்பாகிவிட்டது.

பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்ட ஸ்டூடியோக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாத்தே, மாப்ளைக்குத் தலையே காணோமே?" அவள் தலையிலிருந்த மல்லிகையை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. எனக்கு வேட்டி, சட்டை, மாலை எல்லாம் இருந்தன. அதற்குமேல் கொஞ்சம் புகை.

இன்னொன்று எடுக்கலாம் என்று கெஞ்சினேன். அவள் அந்தப் படத்தோடு ஆவடி பஸ் ஏறிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடி ஏறினேன்.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என் தலையைத் தேடுகிறார் என்று நினைத்து விளக்கம் சொல்லத் தயாரானேன். அவரோ வேறொன்று கேட்டார்.

"மாப்ளே, இத்த எடுக்க எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிசத்துக்கு மேலங்க."

"அதுவரிக்கும் இவ வாயத் தொறக்காம நின்னாளா?"

"உனுக்குக் காட்டணும்ல நைனா" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினேன்.

அடுத்த வாரமே பூந்தமல்லி ஸ்டூடியோவில், என் தலையும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நன்றாக இருக்கிறது, சுவரில் மாட்டுங்கள் என்றார். டப்பாவில் எடுத்ததைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.