எஃகுத் துண்டு ஆறட்டும்

கிருத்திகா பி.எஸ்சி.யில் பிசிக்ஸ் எடுத்ததும் ஆஸ்டின் டவுனில் அவளிடம் துக்கம் விசாரிக்காதவர்களே இல்லை. "ஏம்மா, இன்ஜினியரிங் சீட்டு கெடைக்கலியா?" என்பார்கள். கிடைத்த சீட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவள் என்றால் நம்பவா போகிறார்கள்? சிரித்து மழுப்பிவிடுவாள்.

பல்கலைக்கழக லேபில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து ரீடிங்குகளை அப்படியே இறக்கிவிட்டு எல்லோரும் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். கிருத்திகாவுக்கு மட்டும் அது ஒத்துவராது. அட்டெண்டர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். இவள் "ஒரே ஒரு ரீடிங் அண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள்.

எம்.எஸ்சி. முடிந்ததும் கூடப் படித்த கூட்டம் கலைந்தது. ரூபினி மேற்கொண்டு மெடிக்கல் பிசிக்ஸ் படிக்கப் போனாள், புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சை அளந்துகொடுக்கிற வேலைக்கு. ரோஹனை ஒரு டேட்டா கம்பெனி கொத்திக்கொண்டு போனது. கிருத்திகா எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த அப்பா எத்திராஜ் பொறுமைசாலிதான். அவரே, "இந்த மாசம் பாப்போம். இல்லேன்னா பி.எட். சேந்துடும்மா" என்று ஃபாரம் வாங்கிவந்துவிட்டார். டீச்சர் வேலை நல்ல வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் இவளுக்கு நாள் முழுக்க எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பொம்மசந்திராவிலிருந்து அழைப்பு வந்தது. அது ஒரு கேலிபரேஷன் லேப். தொழிற்சாலைகளின் அளவுக்கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கும் இடம். அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் நின்றுகொண்டார்.

வந்தவர்கள் ஆறு பேர். மற்ற ஐவரும் இன்ஜினியர்கள். நூறு மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒன்றை மைக்ரோமீட்டர் கருவியால் அளந்து தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. ஐந்து பேரும் மளமளவென்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாக கிருத்திகா. லேப் தலைவி ஸ்ரீவித்யா விவரம் சொல்லி முடிக்கும்வரை பதற்றத்தில் துண்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு அளந்தாள். ஆறு மைக்ரான் அதிகம் காட்டியது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. தாளில் மற்ற ஐவரும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தார்கள்.

பேனாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. துண்டு வெதுவெதுப்பாக இருந்தது. சூடானால் எஃகு நீளும். அதைச் சூடாக்கிக் கெடுத்தது அவள் கைதான். பேசாமல் எழுதிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. சொன்னால் பி.எட்.தான். பேனாவை மூடினாள்.

"மேடம், இத நான் கையில புடிச்சு சூடாக்கிட்டேன். இந்த ரீடிங் தப்பு. அரை மணி நேரம் ஆறட்டும், மறுபடி அளக்கறேன்."

"எல்லாரும் இதேதானேம்மா எழுதியிருக்காங்க?"

"அவங்களும் கையில புடிச்சிருப்பாங்க மேடம்."

ஸ்ரீவித்யா முகத்தில் ஒன்றும் காட்டாமல் நாற்காலியைக் காட்டினார். "சரி, கூத்கோ," என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தாள். கடிகாரத்துக்கு அன்றைக்கென்று சோம்பல். அரை மணி கழித்து, மேசையில் யாரும் தொடாமல் கிடந்த கையுறையை மாட்டிக்கொண்டு மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் நூறு, பிசிறில்லாமல். எழுதி, பக்கத்தில் அறையின் வெப்பநிலையையும் குறித்தாள்.

"தப்பு ஆறு பேரும்தான் பண்ணீங்க," என்றார் ஸ்ரீவித்யா. "சொன்னது நீ ஒருத்திதான். திங்கக்கெழம வந்துடு."

கிருத்திகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே அப்பாவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"இன்னாம்மா, எல்லாரும் எப்பவோ பூட்டாங்க. உள்ள அழுதுனு இருந்தியா?"

"இல்லப்பா. ஒரு இரும்புத் துண்டு ஆறட்டும்னு சும்மா உக்காந்துனு இருந்தேன். வேலை குடுத்துட்டாங்க."

"சும்மா உக்காந்ததுக்கா?"

"ஆமாப்பா!"

எத்திராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்காகச் சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? மகளின் தோளை அணைத்துக்கொண்டு டீக்கடையைப் பார்த்துக் கத்தினார்:

"அண்ணா, எம் பொண்ணு சும்மா உக்காந்தே வேலை வாங்கிட்டா! இருக்கறவங்க எல்லாருக்கும் டீ போடுங்க!"