கோபம் இல்லை, பொறாமை

எம்பிராய்டரிக்காரி கடையை விட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை. பூவேலை கோணல் என்று வாடிக்கையாளர் அம்மா எதிரிலேயே, கடையை நடத்தும் தையல்காரியான என் அக்கா அவளைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டாள்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். மாலையில் மெஷினை மூடியதும் கண்ணை மூடி, அன்று பேசியது, செய்தது எல்லாவற்றையும் இயேசுவின் முன் பிரித்துப் பார்ப்பாள். ஊர் ஊராகச் சுற்றித் திரும்பிய எனக்கு ஐந்து நிமிடம் சும்மா உட்காரவே வராது. அன்று அவளும் துள்ளி எழுந்தாள்.

"ஏய், பூவேலை கோணலே இல்லடி! அந்தம்மா அவளைப் பாராட்டினாங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான்!"

"இதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"முள்ளு எங்க இருக்குன்னு தெரிஞ்சாதானே பிடுங்க முடியும்?"

உடனே எம்பிராய்டரிக்காரிக்கு ஃபோன் செய்தாள், அவள் எடுக்கவில்லை. "பொறாமையில திட்டிட்டேன், தப்பு என்னோடது" என்று குரல் செய்தி அனுப்பினாள். அதையே சொல்ல அந்த அம்மாவின் வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

எம்பிராய்டரிக்காரியிடமிருந்து பதில் வரவில்லை. அக்கா வேறு ஆளையும் வைக்கவில்லை. மாதங்கள் கழித்துத்தான் செய்தி வந்தது:

"வெறும் வாய்ப்பேச்சுன்னு நெனச்சேன்க்கா. நீங்க வீடு தேடிப் போய்ச் சொன்னதை அந்தம்மா இன்னைக்குத்தான் சொன்னாங்க. நாளைக்கே வரேன். சாவியைப் பக்கத்துக் கடையில குடுத்துடுங்க, நீங்க எப்படியும் லேட்டாத்தான் வருவீங்க!"