சேறு வழுக்கும்

இறால் பண்ணைக் கழிவின் நாற்றம் மூக்கில் ஏறினால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. எனக்கு அதைவிடக் குமட்டுவது ஒரு சின்னக் கட்டம். கணினித் திரையில், சுண்டு விரல் நகம் அளவுக்கு இருக்கும்.

குழாய்களுக்குள் என்ன எப்படி ஓடும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது சென்னையில் எனக்கு வேலை. உப்பூர்ப் பக்கத்து இறால் பண்ணைகளின் கழிவைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. வரைபடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் ஊர் ஊருணிக் கரையில்தான் அது வளைந்து போகிறது. ஊரே குடிக்கிற தண்ணீர் அது.

கழிவு என்றால் தண்ணீர் மட்டுமா? தின்னாத தீவனம், செத்த இறால், ஓடு, பிசுபிசுவென்று கறுப்புச் சேறு. அதனால் குழாய்ச் சுவரின் உராய்வை இரண்டு கட்டங்களில் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று. சேற்றுக் கட்டத்தில் மென்பொருள் தானாகவே பூஜ்யம் போட்டு வைத்திருக்கும். பூஜ்யம் என்றால் சேறு சுவரைத் தொட்டாலும் உரசாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். எந்த ஊர்ச் சேறு அப்படி ஓடும்? நான் உண்மையான உராய்வைக் கொடுத்து ஓட்டினேன். ஊருணி வளைவில் சேறு படிந்து, திரையில் சிவப்பாக அடைத்துக்கொண்டு நின்றது.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பார்ட்டி சின்னக் குழாயவே வாங்கி இறக்கிட்டாங்கம்மா. இப்பப் போய் அடைக்கும்னா எப்படி? அந்தக் கட்டத்தப் பழையபடி பூஜ்யமாவே விட்ரு."

"அது எங்க ஊருணி சார்."

"அப்ப ரிப்போர்ட்ட இன்னும் அழகாப் பண்ணு" என்று சிரித்தார்.

நான் என்ன செய்தேன்? எழுந்து வந்துவிட்டேனா? சீ! பூஜ்யத்தைத் தட்டினேன். திரை முழுக்க நீலம். கடைசிப் பக்கத்தில் ‘அடைப்பு வராது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்று மத்தியானம் கேன்டீனில் பிரியாணி வேறு தின்றேன், கர்மம்.

குழாய் ஓடத் தொடங்கிய முதல் கோடையிலேயே அடைத்தது. அதே வளைவு. ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு சேறு முழுக்க ஊருணியில் இறங்கிவிட்டது. நான் ஊருக்குப் போனபோது தண்ணீர் கறுத்துக் கிடந்தது, மேலே இறால் ஓடும் புழுவும் மிதந்தன. என்னைப் பெற்ற அய்யா கரையில் நின்று, வெட்டிப் போட்டிருந்த குழாய்த் துண்டுக்குள் குச்சியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். சேறு அசையவில்லை.

"பாத்தியா தாயி, சிமெண்டு கணக்காப் புடிச்சிருக்கு. எவனோ ஒரு நாசமாப் போறவன் கம்ப்யூட்டர்ல பாத்து, அடைக்காதுன்னு எழுதிக் குடுத்திருக்கானாம். நீயும் அங்கன அந்த வேலைதான பாக்குற? அவன் யாருன்னு விசாரிச்சுச் சொல்லு. நேர்ல போயி மூஞ்சில காறித் துப்பிட்டு வாரேன்."

"நான்தான்யா எழுதுனேன்."

அவர் துப்பவில்லை. துப்பியிருக்கலாம். குச்சியைக் கீழே போட்டார்.

"ஒங்கம்மா தண்ணி லாரிக்கு நிக்கிறா. போயி குடத்தத் தூக்கு."